எந்தக் குறை என்று கேளுங்கள்

தாமிரபரணிக் கரை ஊர்களில் குளத்திலும் பண்ணைக்குட்டையிலும் சிப்பி கட்டி முத்து வளர்க்கும் அக்கா தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் எழுதுவது.

போன தை மாதம் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து நான்கு பெண்கள் திருநெல்வேலி டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே ஈரத்துணியில் பொதிந்த முத்துகள். பதினெட்டு மாதம் காத்திருந்து எடுத்த முதல் எடுப்பு. பயிற்சி கொடுத்து, சிப்பிக்குள் வைக்கும் கருவும் கொடுத்து, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று வாக்கும் கொடுத்த ஆள் வந்து டப்பாவைத் திறந்திருக்கிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். “குறை இருக்கு” என்றார். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். நைலான் பைக்கும் கயிற்றுக்கும் ஆன செலவுக்குக்கூட அது காணாது. “குறைன்னு மட்டும் சொல்லுதாவ. என்ன குறைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காவ” என்றார் அவர்களில் மூத்தவர்.

அன்று சாயங்காலம் வரை அவர்களோடு உட்கார்ந்து அந்த டப்பாவைப் பிரித்தேன். பிரித்து முடித்தபோது ஏழு கூறு வந்தது. அதில் இரண்டு கூறு நான் என் கையால் கோத்து எந்தக் கல்யாண வீட்டுக்கும் கொடுக்கக்கூடிய முத்து. ஒரு கூறு தோடுக்கும் மூக்குத்திக்கும் ஆகும். மற்றவற்றில் ஒரு கூறு மட்டுமே எதற்கும் ஆகாதது. ஏழாகப் பிரிய வேண்டியதை ஒரே சொல்லால் மூடிவிட்டுப் போயிருக்கிறார் வந்தவர். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

நான் முத்துக் கோப்பவள். நாற்பது வருஷமாக இதே தொழில். அதற்கு முன் என் அப்பா. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் வருஷந்தோறும் முத்துக்குளிப்பு நடந்ததே, அப்போது அப்பா ஒரு வியாபாரியிடம் எடுபிடியாக இருந்தார். ஆயிரம் கணக்கில் சிப்பி ஏலம் எடுப்பது, அழுகவைத்துக் கழுவுவது, கழுவின சக்கையில் தூள் முத்தையும் விடாமல் பொறுக்குவது, எல்லாம் பார்த்தவர். 1961-க்குப் பிறகு அந்தக் கடலின் முத்துப் பார்களில் குளிப்பு நடக்கவில்லை. அப்பா நெல்லைக்கு வந்து ஊசியும் பட்டு நூலும் எடுத்தார். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது துளை போட்ட இரண்டு பித்தளைக் கிண்ணங்கள். அதற்குப் பெயர் பெட்டி. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டி ஒரு கட்டாக இருக்கும். இருபது துளை, முப்பது, ஐம்பது, எண்பது, நூறு, இருநூறு என்று ஏறி ஆயிரம் துளை வரை போகும். துளை கூடக் கூடக் கண் சிறுக்கும். எந்தப் பெட்டியில் முத்து தங்குகிறதோ அந்த எண்தான் அதன் அளவு. முத்தை யாரும் வாயால் பெரிசு சிறிசு என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டி சொல்லிவிடும்.

அளவு பார்த்த பிறகுதான் தரம். அதில் அவர்கள் வைத்திருந்த ஒழுங்கை நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உருட்சி ஒரு கணக்கு, நீரோட்டம் என்னும் ஒளிர்வு தனிக் கணக்கு. இரண்டிலும் குறைவில்லாதது ஆணி. இரண்டில் ஒன்றில் மட்டும் ஒரு மாற்றுக் குறைந்தால் அதற்குத் தனி வகுப்பு. இரண்டிலும் கொஞ்சம் குறைந்தால் இன்னொன்று. இரண்டு முத்து ஒட்டிப் பிறந்திருந்தால் வேறு. மடிந்து கோணியது மடங்கு. கடைசியில் தூள். இப்படிப் பத்து வகுப்பு வரை பிரித்தார்கள். ஒரு முத்தைக் கழிப்பதென்றாலும் எதற்காகக் கழிக்கிறோம் என்பது அதன் பெயரிலேயே இருந்தது. இன்றைக்கு நம் வாயில் ஆணிமுத்து என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் பிள்ளைகளைக் கொஞ்சுவதற்கு. இடையில் இருந்த வகுப்புகள் எல்லாம் போய்விட்டன. இன்றைக்குக் கடையில் ‘ஏ’, ‘டபுள் ஏ’, ‘ட்ரிபிள் ஏ’ என்கிறார்கள். அந்த எழுத்துகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. ஒரு கடையின் ட்ரிபிள் ஏ இன்னொரு கடையில் வெறும் ஏ. எதைப் பார்த்து அந்த எழுத்தைப் போட்டீர்கள் என்று கேட்டு, பதில் வந்தால் மட்டும் நம்புங்கள்.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். ஒரு நகையில் எத்தனை முத்து என்பதோடு நிறுத்தவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, கறடு, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வகை பிரித்திருக்கிறார்கள். கொடுப்பவன் சக்கரவர்த்தி, வாங்குபவர் ஈசன். அங்கேயும் கறடை வட்டம் என்று எழுதவில்லை. எனக்கு அந்தக் கல்வெட்டு ஒரு பாடம் மாதிரி. கறடு என்று எழுதி வைத்ததால் அந்த நகைக்கு மதிப்புக் குறையவில்லை.

சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருகிறது அல்லவா, ஊர்காண் காதையில். அங்கே முத்தின் குற்றங்களை உரைகாரர் காற்றேறு, மணலேறு, கல்லேறு, நீர்நிலை என்று பெயரிடுகிறார். பெயரைக் கவனியுங்கள். குழி, புள்ளி, கீறல் என்று கண்ணுக்குப் பட்டதைச் சொல்லவில்லை. காற்றால் வந்தது, மணலால் வந்தது, கல்லால் வந்தது, நீரால் வந்தது என்று காரணத்தைச் சொல்கிறார். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதைத்தான். வாங்குபவருக்குக் குறை என்பது விலையைக் குறைக்க ஒரு வழி. வளர்ப்பவருக்கு அது குளத்துக்குள்ளிருந்து வந்த கடிதம். அதைப் படிக்கத் தெரிந்தால் அடுத்த எடுப்பு மாறும்.

முதலில் பார்க்கும் விதம். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், வடக்குப் பார்த்த ஜன்னலோ திண்ணையோ போதும். நேர்வெயில் வேண்டாம். கடையில் எரிகிற மஞ்சள் விளக்கு வேண்டவே வேண்டாம், அது எந்த முத்தையும் அழகாக்கும். பளபளப்பில்லாத வெள்ளை அல்லது சாம்பல் நிறத் துணியை விரித்து முத்தைப் பரப்புங்கள். அரக்கும் நீலமும் கருப்பும் வேண்டாம். நகைக்கடையில் கருப்பு வெல்வெட்டில் வைப்பது விற்பதற்காக.

ஒரு கை நீளத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் தெரியும் குறைதான் போட்டுக்கொள்பவரின் கழுத்தில் தெரியப்போகும் குறை. பிறகு அருகே கொண்டுவந்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள். கண் தவறவிடும் பருவை விரல் பிடித்துவிடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் கடைசியில்தான். லென்ஸை முதலில் எடுத்தால் குறையில்லாத முத்து உலகத்திலேயே கிடையாது என்று தோன்றிப்போகும். சில வியாபாரிகள் பேச்சைத் தொடங்கும்போதே லென்ஸை எடுப்பது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நீரோட்டம் பார்க்க ஒரு வழி உண்டு. ஜன்னல் கம்பியின் நிழல் முத்தில் விழுவதைப் பாருங்கள். கம்பி கம்பியாக எண்ண முடிந்தால் நல்ல நீர். வெள்ளையாக ஒரு பூச்சு மட்டும் தெரிந்தால் நடுத்தரம். எதுவுமே தெரியாமல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருந்தால் அது முத்துப் பிறப்பில் ஏதோ தவறியது. நான் உருட்சியைவிட நீரோட்டத்தைத்தான் மேலாக மதிக்கிறேன். கோணலாக இருந்தாலும் நீர் இருந்தால் பதக்கத்தில் ஏறும். நீர் இல்லாத உருண்டையை என்ன செய்தாலும் அது பாசிமணியாகத்தான் நிற்கும்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், முத்துத் தோல் என்பது தட்டுத் தட்டாக அடுக்கிய சுண்ணாம்புப் படிகம். அரகோனைட் என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஆயிரத்துக்கும் மேல் அடுக்கு இருக்கும். தட்டுகள் மெல்லியதாக, வரிசை கலையாமல் படிந்தால் வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பி வரும். அதே சுண்ணாம்பு வாட்டரைட் என்ற வேறு படிகமாக உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் பால் திரிந்த மாதிரி மங்கிப்போகும். நன்னீர் முத்தில் நாம் பார்க்கும் மங்கல் திட்டு பலதும் அப்படி வந்ததுதான். எந்த மெருகும் அதைத் திருப்பாது. தண்ணீர் குளிரும்போது தட்டுகள் மெல்லியதாகப் படியும் என்பதால் ஜப்பானில் குளிர்காலத்தில்தான் முத்து எடுப்பார்கள். நமக்குக் கிடைப்பது மார்கழியும் தையும்தான். பணத்துக்கு அவசரம் என்று சித்திரை வெயிலில் எடுக்காதீர்கள் என்று இதற்காகத்தான் அந்த நால்வரிடமும் சொன்னேன்.

இனி அந்த டப்பாவில் கண்டதைச் சொல்கிறேன். உங்கள் டப்பாவிலும் இதேதான் இருக்கும்.

இடுப்பில் கயிறு கட்டினாற்போல் வளையம் விழுந்த முத்து நிறைய இருந்தது. முத்து தன் பைக்குள் சும்மா கிடப்பதில்லை, சுழல்கிறது. எல்லாப் பக்கமும் சுழன்றால் உருண்டை. ஒரே அச்சில் பம்பரம் மாதிரி சுழன்றால், ஒரு இடத்தில் இருக்கும் சின்னத் தடங்கல் சுற்றிச் சுற்றி வளையமாகிவிடும். வளையம் விழுந்த முத்துக்கு நீர் நன்றாக இருந்தால் அதைத் தனியாகக் கோத்து விற்கலாம். வளையத்தை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உருண்டையோடு கலந்து வைத்தால்தான் அது குறையாகிறது.

வால் முளைத்த முத்து அடுத்தது. போர்வைத் தசையிலிருந்து வெட்டி வைக்கும் துண்டு சரியாகச் சுருளாமல் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றிக் கட்டும் பையும் அப்படியே நீளும். கத்தி மழுங்கியிருந்தால், துண்டு சதுரமாக இல்லாமல் பிசிறாக இருந்தால், இதுதான் வரும். இரண்டு துண்டை ரொம்பக் கிட்டக்கிட்ட வைத்திருந்தால் இரட்டை. நால்வரில் இளையவள் ஒரு கூறை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நான் போட்டது அத்தை. அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், அவசர அவசரமா வச்சேன்” என்றாள். அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்றால், பைகளுக்குக் கலர் கயிறு கட்டி யார் வைத்தது என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு நல்ல பழக்கம்! எல்லோரும் இதைச் செய்யுங்கள். கூடவே கரு வைத்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஊசி குத்தினாற்போல் குழி, பொடிப்பொடியாகப் பரு, சுருங்கின தோல். இந்த மூன்றும் பெரும்பாலும் சிப்பி பட்ட கஷ்டத்தைச் சொல்வது. ஓட்டை அளவுக்கு மேல் விரித்துத் திறந்தது, காயம் ஆறுவதற்கு முன்பே குளத்தில் இறக்கியது, ஒரு பையில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அடைத்தது, பையில் பாசி மூடி தண்ணீர் ஓட்டம் நின்றது, திடீரென்று கலங்கல் வந்தது. கரு வைத்த சிப்பியைக் குறைந்தது பத்து நாளாவது தொட்டியில் வைத்துக் கவனித்து, செத்ததை எடுத்துவிட்டுப் பிறகுதான் குளத்தில் தொங்கவிட வேண்டும் என்று புவனேஸ்வரம் கௌசல்யாகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் நாட்டில் நன்னீர் முத்துக்கு முறை வகுத்தவர்கள் அவர்கள். அந்தப் பத்து நாளைக் குறுக்கினவர்களின் முத்தில்தான் நான் இந்தக் குழிகளை அதிகம் பார்க்கிறேன்.

இன்னொன்று நம் தண்ணீர். பொதிகையின் கடும்பாறையில் இறங்கி வரும் ஆறு இது. குடிக்க இனிப்பு. ஆனால் அந்த இனிப்பே சிப்பிக்குப் பட்டினி. ஓடு கட்டவும் முத்துத் தோல் கட்டவும் அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் குளமும், கிணற்று உப்பு ஊறும் பண்ணைக்குட்டையும் ஒன்றல்ல. தோல் மெலிந்த முத்து வந்தால் கருவையும் கையையும் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். சுண்ணாம்பு இட வேண்டுமா, எவ்வளவு என்று மீன்வளத் துறையினரைக் கேட்டுச் செய்யுங்கள். அளவு தெரியாமல் அள்ளிப் போட்டால் சிப்பி செத்துவிடும்.

பிள்ளையார் முத்து, சிலுவை முத்து, பூ முத்து என்று உருவம் வைத்து வளர்க்கிறீர்களே, அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இது புதிய வித்தை இல்லை. சீனாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே புத்தர் உருவங்களைச் சிப்பிக்குள் செருகி முத்துத் தோல் ஏற்றியிருக்கிறார்கள். நம் பக்கம் இதற்குத்தான் இப்போது மவுசு. வாங்க வருபவர் முதலில் பார்ப்பது என்ன? பிள்ளையாரின் கண் தெரிகிறதா, தும்பிக்கை மடிப்புத் தெரிகிறதா என்று. எவ்வளவு தெளிவோ அவ்வளவு விலை என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். உருவம் கத்தியால் செதுக்கினாற்போல் தெளிவாகத் தெரிந்தால், அதன்மேல் ஏறியிருக்கும் தோல் மெல்லியது என்று பொருள். சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். தோல் கனக்கக் கனக்க முகம் மழுங்கும், பழைய கோயில் தூணில் கை பட்டுப் பட்டு மழுங்கின சிற்பம் மாதிரி. மெல்லிய தோல் இரண்டு வருஷம் கழுத்தில் வியர்வை பட்டால் தேய்ந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். சாமி உருவத்தில் அப்படி நடந்தால் வாங்கின வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடும்! முகம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, தோல் கனத்ததை மேல் கூறில் வையுங்கள். ஓரத்தைப் பாருங்கள், கனம் தெரியும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வாங்குபவரிடமும் திருப்பிக் காட்டுங்கள்.

துளை. சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்தில் முத்தின் குற்றங்களை வரிசையாகச் சொல்லி வருகிறார்கள்: மைசூர்ப்பருப்பு மாதிரி தட்டையானது, ஆமை முதுகானது, அரை வட்டம், இரட்டை, சொரசொரப்பு, புள்ளி விழுந்தது என்று. அந்த வரிசையில் கெட்ட துளையும் ஒன்று. இயற்கை செய்த குற்றங்களோடு மனிதக் கை செய்த குற்றத்தையும் வைத்திருக்கிறார்கள். நல்ல முத்தைத் துளையில் கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கமிருந்து துளைத்து வெளியே வரும்போது மறுபக்கத் தோல் பெயர்ந்துவிடும். இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சேர்க்க வேண்டும். எங்கே குறை இருக்கிறதோ அங்கேதான் துளை விழ வேண்டும். ஒரு முத்துக்கு ஒரே ஒரு குழி என்றால், துளைபோடுகிறவர் நல்லவராக இருந்தால், அந்தக் குழி காணாமல் போய்விடும். பக்கத்து முத்து அதன்மேல் சாய்ந்து மறைத்துவிடும். அதனால் துளைக்காமல் விற்பதென்றால், ‘ஒரு குறை, துளையில் போகும்’ என்று ஒரு கூறு தனியாக வையுங்கள். நாற்பது வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த கூறு அதுதான்.

இதே அர்த்தசாஸ்திரம் முத்து கிடைக்கும் இடங்களைச் சொல்லும்போது முதலில் சொல்வது தாம்ரபர்ணிகம். உரைகாரர்கள் அதைப் பாண்டிநாட்டுத் தாமிரபரணி என்கிறார்கள். அந்தப் பெருமை நமக்கு உண்டு. கொற்கைத் துறையைக் கிரேக்க மாலுமி எழுதி வைத்தான். காயலுக்கு மார்க்கோ போலோ வந்து போனார். கொற்கைக்குப் போயிருக்கிறீர்களா? ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கல் தொலைவு விலகிப்போய், துறைமுகம் இருந்த இடத்தில் இன்று வயலும் வாழையும் நிற்கிறது. ஆனால் ஒன்றை நாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொற்கை முத்து கடல் முத்து. மன்னார் வளைகுடாவின் பார்களில் பாறையைப் பற்றி வாழும் சிப்பியின் முத்து. 1973-இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி வளர்த்து எடுத்துக் காட்டினாரே, அதுவும் அந்தக் கடல் சிப்பியின் முத்துதான். நீங்கள் வளர்ப்பது ஆற்று மட்டியின் முத்து. வேறு உயிர், வேறு தண்ணீர். ‘கொற்கை முத்து’, ‘பாண்டியன் முத்து’ என்று அட்டை அடித்து விற்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். அதைவிட மோசம், சீனத்திலிருந்து கிலோக் கணக்கில் வரும் நன்னீர் முத்தை வாங்கி உங்கள் டப்பாவில் கலந்து ‘தாமிரபரணி முத்து’ என்று விற்பது. ஒரு குழுவில் அப்படி நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். யார் என்று சொல்லமாட்டேன். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. ஒரே அளவு, ஒரே வெள்ளை. நன்னீர் முத்து இயல்பில் பாலாடை நிறம், இளஞ்சிவப்பு, ஊதா, மஞ்சள் என்று கலந்துதான் வரும். வெள்ளை வெளேரென்று வருவது பெரும்பாலும் வெளுத்தது. சாயம் போட்டது என்றால் துளைக்குள் பாருங்கள், அங்கே நிறம் திரண்டு நிற்கும். வெளுப்பது, சாயமிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் அதில் தப்பில்லை.

சீனத்து முத்தைப் பார்த்து மனம் சோர்ந்துபோகவும் வேண்டாம். 1970-களிலும் 80-களிலும் அங்கிருந்து வந்த நன்னீர் முத்து சுருங்கின அரிசி மாதிரி இருந்தது. நான் தொழில் பழகிய புதிதில் அதைத்தான் படிபடியாகக் கொட்டிக் கோத்தோம். பிறகு அவர்கள் சிப்பி இனத்தை மாற்றினார்கள், துண்டு வெட்டும் கையைப் பழக்கினார்கள், சிப்பிக்குள் வைக்கும் துண்டின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், வருஷத்தைக் கூட்டினார்கள். இன்றைக்கு அவர்களின் நல்ல முத்தைக் கடல் முத்திலிருந்து பிரித்தறிய எனக்கே நேரம் எடுக்கிறது. ஒவ்வொரு குறையையும் எதனால் என்று கேட்டு வந்த முன்னேற்றம் அது.

கடைசியாக ஆற்றைப் பற்றி. உங்களில் சிலர் சிப்பிக்காகச் சேரன்மகாதேவிக்குக் கீழே மணலைக் கிளறி மட்டியைச் சாக்கில் அள்ளுவதாகக் கேள்விப்பட்டேன். தயவு செய்து வேண்டாம். மட்டி தண்ணீரை வடிகட்டிக் குடித்து வாழும் உயிர். அதன் குஞ்சு மீனின் செவுளிலும் துடுப்பிலும் சில காலம் ஒட்டி வளர்ந்துதான் மண்ணில் இறங்கும். மீன் போனால் மட்டி போகும், மணல் போனாலும் மட்டி போகும். மணல் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியும். 2010-இல் ஸ்ரீவைகுண்டத்துக்காரர் நல்லகண்ணு ஐயா மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தாமே நின்று வாதாடி இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அவர் காத்துக் கொடுத்த மணலிலிருந்து நாம் மட்டியை வழித்து எடுக்கலாமா? குளத்தில் மீனோடு சேர்த்து மட்டிக்குஞ்சு பெருக்கும் வழியைக் கற்றுக்கொள்ளுங்கள். குஞ்சு பெருக்கத் தெரிந்த குழு மற்ற ஊருக்கும் கொடுக்கலாம். ஆற்றில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கைக்கு அடங்கின அளவில், வளர்ந்ததை மட்டும், ஒரே இடத்தில் எடுக்காமல்.

அம்பாசமுத்திரத்து நால்வரும் இப்போது ஏழு சின்ன டப்பா வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: உருட்சி, நீர், தோல், குறை, எத்தனை முத்து, என்ன எடை. எடையைக் கேரட்டில் எழுதச் சொன்னேன். அப்பா காலத்து மஞ்சாடியும் கழஞ்சும் இன்றைக்கு யாருக்கும் புரியாது. மாசியில் வேறொரு வியாபாரி போயிருக்கிறார். அவரும் முதலில் “குறை இருக்கே” என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். “ஆமா, இந்த நாலாவது டப்பாவுல இருக்கு. வளையம். நீர் நல்லா இருக்கு பாருங்க” என்று மூத்தவர் டப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாராம். அதற்கப்புறம் பேச்சு டப்பா டப்பாவாக நடந்திருக்கிறது. என்ன விலைக்கு முடிந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் எதற்கும் ஆகாது என்று நான் ஒதுக்கின ஏழாவது டப்பாவை மட்டும் அவர்கள் விற்கவில்லை. அடுத்த முறை கரு வைக்க உட்காரும்போது எதிரில் வைத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

நீங்களும் வாருங்கள். செவ்வாய், சனி காலை எட்டிலிருந்து பத்து வரை திண்ணையில் இருப்பேன். பார்த்துச் சொல்வதற்குக் காசு வேண்டாம். நல்லதைப் பொறுக்கி எடுத்து வராதீர்கள், எடுத்ததை எடுத்தபடி கொண்டுவாருங்கள். வரும்போது குளத்துத் தண்ணீர் ஒரு பாட்டிலும், கரு வைத்த தேதி எழுதின நோட்டும்.

அன்புடன்,
டவுனிலிருந்து ஒரு முத்துக் கோப்பவள்